கேம்பிரிட்ஜில் நல்ல ரியல் ஏல் (பீப்பாய்ப் பீர்) எங்கே கிடைக்கும்? (முதல் பைண்டே புளித்துப்போனவன் கேட்கிறேன்)

கம்பங்கூழ்:
எல்லாருக்கும் வணக்கம். ஆராய்ச்சிக்காக அக்டோபரில் கேம்பிரிட்ஜ் வந்தேன். தேனிப் பக்கத்து ஆள். ஊரில் இருந்தவரை பீர் என்றால் "கூலிங் இருக்கா?" என்று கேட்டு வாங்குவது, அவ்வளவுதான். இங்கே லேபில் கூட வேலை செய்கிறவர்கள் போன வாரம் "ரியல் ஏல் குடிக்காமல் இந்த ஊரில் இருந்து என்ன பயன்" என்று நகர நடுவில் ஒரு பழைய பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உத்திரம் எல்லாம் சாய்ந்து, தலை இடிக்கிற வாசல், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைப்பம்பை இழுத்து ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக, வினிகர் வாசனையோடு, அடியில் கலங்கல். இதுதான் இதன் ருசி போலிருக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குடித்துவிட்டேன். கடைசி மடக்கில் பக்கத்தில் இருந்தவன் வாங்கி மோந்து பார்த்துவிட்டு "ஐயோ, இது கெட்டுப்போன பீர், நீ ஏன் எதுவும் சொல்லவில்லை" என்கிறான். ஐந்து பவுண்டுக்கு மேல் போச்சு, வயிறும் போச்சு.

நல்லது எது, கெட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பக்கம் போகலாம்? இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியலும் சுற்றுலாக்காரர்களுக்கு எழுதியது மாதிரியே இருக்கிறது.

பீப்பாய்க்காரி:
தம்பி, நீங்கள் குடித்தது புளித்துப்போன இட்லி மாவு. அதை வைத்து இட்லியே பிடிக்காது என்று முடிவு பண்ணிவிடாதீர்கள்.

நான் படிக்கும்போது இந்த ஊரில் ஒரு பப்பில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். விசா விதிப்படி வாரம் 20 மணி நேரம்தான், அதில் பாதி நேரம் நிலவறையில். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரியல் ஏல் என்பது உயிரோடு இருக்கிற பீர். தொழிற்சாலையில் ஒருமுறை நொதித்த பிறகு வடிகட்டிச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றுவிடாமல், அப்படியே பீப்பாயில் ஊற்றி அனுப்புவார்கள். பீப்பாய்க்குள் இரண்டாவது முறை மெதுவாக நொதிக்கும். அதில் வருகிற வாயுதான் அந்த லேசான குறுகுறுப்பு. வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அடித்து ஏற்றுவது கிடையாது, ஏற்றினால் அது கெக் பீர். ஆகவே பீப்பாய் பப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் வேலை முடியவில்லை, பாதி வேலை நிலவறையில்தான் நடக்கிறது. மாவு அரைத்துக் கொடுப்பது ஒருவர், புளிக்கவைத்து நேரம் பார்த்து ஊற்றுவது இன்னொருவர். இரண்டாவது ஆள் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல அரிசியாக இருந்து என்ன?

எங்கள் நிலவறையில் பீப்பாய்களைப் படுக்கவைத்திருப்போம், அசைக்கவே கூடாது. மேலே வயிற்றுப் பக்கம் ஒரு மர அடைப்பு இருக்கும், அதன் நடுவில் ஒரு சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி இறக்குவோம். இறக்கிய நொடியில் "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம், சில நேரம் முகத்தில் நுரையே பீச்சியடிக்கும். அந்த மூங்கில் வழியாக வாயு மெதுவாக வெளியேறும். நுரை பொங்கிப் பொங்கி அடங்குகிறதா என்று பார்த்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடங்கியதும் காற்று போகாத கட்டை ஆணிக்கு மாற்றிவிடுவோம், மீதி வாயு உள்ளேயே தங்கட்டும் என்று. அப்புறம் தெளிய விட்டு, குழாயை மரச்சுத்தியால் ஒரே அடியில் இறக்கி, கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ருசி பார்த்து, "இன்று வேண்டாம், நாளைக்கு" என்றார் மேலாளர் என்றால் நாளைக்குத்தான். நிலவறை வெப்பம் 11லிருந்து 13 டிகிரி. வெதுவெதுப்பு என்று நீங்கள் சொன்னது தப்பான பீருக்குத்தான் பொருந்தும். நல்ல ஏல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், சில்லென்றும் இருக்காது, சூடாகவும் இருக்காது.

இப்போது முக்கியமான கணக்கு. குழாயை இறக்கி முதல் பைண்ட் எடுத்ததும் உள்ளே காற்று போக ஆரம்பிக்கிறது. அங்கிருந்து சுமார் மூன்று நாள்தான் ஆயுசு. சாதாரணமாக வருகிற பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட். மூன்று நாளில் தீர வேண்டுமானால் அந்த ஒரு பம்பிலிருந்து மட்டும் நாளைக்கு 24 பைண்ட் போக வேண்டும். பத்துப் பம்பு வைத்திருக்கிற பப் என்றால் நாளைக்கு 240. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்தில் எட்டுப் பம்பு வரிசையாக நின்றால், நான் அங்கே ஏல் வாங்க மாட்டேன். அது எவ்வளவு அழகான பப்பாக இருந்தாலும் சரி.

பம்பு எத்தனை என்று எண்ணாதீர்கள். எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பாருங்கள். என் மொத்தப் பாடமும் இதுதான்.

மாற்றுக்கருத்து:
இவ்வளவு பாடுபட்டுக் குடிக்க வேண்டுமா? நம் ஊர் பீர் மாதிரி ஒரு லாகர் வாங்கினால் ஜில்லென்று, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி, ஏமாற்றமே கிடையாது. ரியல் ஏல் என்பது தாடி வைத்த ஓய்வுபெற்ற ஆட்களின் பொழுதுபோக்கு. சரவணபவனில் இட்லி சாப்பிடப் போகிறவன் மாவு எப்போது அரைத்தது என்று கேட்பானா?

பீப்பாய்க்காரி:
கேட்க மாட்டான். ஆனால் புளித்திருந்தால் தட்டைத் திருப்பித் தள்ளுவான் இல்லையா, அதைத்தான் இங்கே நம் ஆட்கள் யாரும் செய்வதில்லை. எங்கே வாங்கினாலும் ஒரே ருசி என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்களே, 1960களில் பெரிய பீர் கம்பெனிகள் சொன்ன வசனமும் அதேதான். பீப்பாயை ஒழித்துக்கட்டிவிட்டு எல்லா இடத்திலும் கெக் பீரை இறக்கினார்கள். அந்தக் கடுப்பில்தான் 1971இல் நான்கு பேர் சேர்ந்து காம்ரா என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். "ரியல் ஏல்" என்ற பெயரைப் பரப்பியதே அவர்கள்தான். தாடி உண்மை, அதை மறுக்கவில்லை.

பருத்தித்துறை:
தம்பி கம்பங்கூழ், நான் இந்த ஊருக்கு வந்து 22 வருசம். வந்த காலத்தில் எனக்கும் பியர் என்றால் லயன் லாகர்தான். பிறகு வேலைத்தலத்தில் இருந்த ஒரு கிழவர் ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார்.

அக்கா சொன்ன கணக்கோடு இந்த ஊருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை விளங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்புத் தவணை எட்டு வாரம். வருசத்துக்கு மூன்று தவணை, ஆகமொத்தம் 24 வாரம். மிச்சம் 28 வாரம் இளநிலை மாணவர்கள் அநேகமானோர் ஊரில் இல்லை. இருக்கிற நாளிலும் அவர்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கிற பாரில்தான் குடிப்பார்கள், விலை குறைவு. நகர நடுவில் மிச்சம் இருப்பது சுற்றுலாச் சனம். பஸ்ஸில் வந்து இறங்கி, படம் எடுத்து, மீனும் சிப்ஸும் சாப்பிட்டு, கூடவே ஒரு லாகரோ கோக்கோ குடித்துவிட்டுப் போய்விடும். கூட்டம் நிரம்பி வழியும், ஆனால் ஏல் பம்பு அசையாது. பல்கலைக்கழக ஊர் என்றால் பப் எல்லாம் மாணவர்களால் ஓடுகிறது என்று நினைப்பது பெரிய பிழை.

எனவே நான் சொல்வது, ஆற்றங்கரையை விட்டுவிட்டு மில் ரோட் பக்கம் வாருங்கள். நாங்கள் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற அதே தெருதான். அதன் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டின சின்னச் சின்ன வீடுகள், ரயில் வந்த காலத்துக்குப் பிறகு எழும்பின தெருக்கள். அங்கே குடியிருக்கிற சனம் வருசம் முழுக்க இருக்கும், தவணை விடுமுறை என்று ஊருக்குப் போகாது. அவர்கள் நடந்து போகிற பப்புகளில்தான் பீப்பாய் சுறுக்காகத் தீரும். குவிடிர் தெருவில் கேம்பிரிட்ஜ் புளூ. முன்னுக்கு நின்று பார்த்தால் சாதாரண வீடு மாதிரித்தான் தெரியும், பின்னுக்குப் போனால் பெரிய தோட்டம், அதற்கு அப்பால் மில் ரோட்டின் பழைய கல்லறைத் தோட்டம். உள்ளே சுவர் கூரை எங்கும் பழைய பியர் தட்டுகளும் பம்பு வில்லைகளும் (கைப்பம்பில் மாட்டுகிற பியர் பெயர்ப் பலகை). மோசன் ரோட்டில் லிவ் அண்ட் லெட் லிவ், அது சின்ன இடம், ஏலோடு ரம்மும் விதவிதமாக வைத்திருப்பார்கள். ரயிலால் இறங்கி வருகிறவர்களுக்கு டெவன்ஷயர் ரோட்டில் டெவன்ஷயர் ஆர்ம்ஸ்.

கம்பங்கூழ்:
அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இந்த 28 வாரக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம். ஈகிள் என்ற பப் பற்றி எல்லாப் பட்டியலிலும் இருக்கிறதே, அங்கே போகலாமா வேண்டாமா?

பீப்பாய்க்காரி:
போங்கள், ஒருமுறை கட்டாயம் போங்கள். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் கிரிக், 1953 பிப்ரவரி 28 அன்று மதியம் உள்ளே வந்து உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னதாக மற்றவரான வாட்சன் எழுதினார், கிரிக்குக்கோ அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்பது தனிக் கதை. பக்கத்துத் தெருவில்தான் அப்போது கேவண்டிஷ் ஆய்வகம், மதியச் சாப்பாட்டுக்கு வருகிற இடம். பின்பக்க அறையில் கூரையை அண்ணாந்து பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக்காரர்கள் லைட்டராலும் மெழுகுவர்த்தியாலும் சுட்டு எழுதிய பெயர்களும் படைப்பிரிவு எண்களும் இன்னும் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ. எனக்கு டி.என்.ஏ.வைவிட அந்தக் கூரைதான் பெரிதாகப் படும்.

ஆனால் வரலாறு வேறு, பீர் வேறு. ஒரு பப்பின் சுவரில் வரலாற்றைச் சொல்கிற நீல வட்டப் பலகைக்கும் அதன் நிலவறைக்கும் சம்பந்தமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே கதைதான், எழுத்தாளர்கள் டோல்கீனும் லூயிஸும் கூடிப் பேசிய ஈகிள் அண்ட் சைல்டு 2020இல் மூடியது. எதிரில் இருந்த லேம் அண்ட் ஃபிளாக் 2021இல் மூடி, ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து 2022 அக்டோபரில் திறந்தார்கள். புகழ் மட்டும் இருந்தால் பப் ஓடாது.

மாற்றுக்கருத்து:
ஈகிள், கிரீன் கிங் என்ற பீர் கம்பெனி நடத்தும் பப் இல்லையா? அவர்கள் பீர் மட்டும்தானே விற்க வேண்டும்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பருத்தித்துறை:
நல்ல கேள்வி, இந்த ஆள் இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கதைக்கிறார். :)

இங்கே பப்புகளில் இரண்டு சாதி. ஒன்று, கட்டடம் பியர் கம்பெனிக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தம் அல்லது குத்தகை. நடத்துகிறவர் அவர்கள் கொடுக்கிற பியரை அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டும். மற்றது ஃப்ரீ ஹவுஸ், வெளியே பலகையிலேயே எழுதியிருக்கும், யாரிடமும் வாங்கலாம். கிரீன் கிங் 1799இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் தொடங்கினது, இங்கிருந்து கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான ஓட்டம், அதனால் கேம்பிரிட்ஜ் நகர நடுவில் அவர்களுடைய பப்புகள் கனக்க. 2019இல் ஹாங்காங் கம்பெனி ஒன்று முழுசாக வாங்கிவிட்டது.

ஆனால் கட்டுப்பட்ட பப் என்றால் கெட்ட பப் என்று நினைக்க வேண்டாம். பிராஸ்பெக்ட் ரோவில் ஃப்ரீ பிரஸ் இருக்கிறது, கிங் தெருவில் சாம்பியன் ஆஃப் தி தேம்ஸ் இருக்கிறது, இரண்டும் கிரீன் கிங்தான், இரண்டும் எனக்குப் பிடித்தவை. சாம்பியனில் ஜன்னல் கண்ணாடியில் படகு வலிக்கிற ஆளைச் செதுக்கியிருக்கும். தேம்ஸ் நதியில் பந்தயம் வென்ற ஒருவர் இங்கே குடிவந்து, தனக்கு வருகிற கடிதத்தில் எல்லாம் "தேம்ஸின் சாம்பியன், கிங் தெரு" என்றுதான் முகவரி எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாராம், அந்தப் பெயர் பப்புக்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் இரண்டு சின்ன அறை, தணல், கதைக்க நாலு பேர். ஃப்ரீ பிரஸ்ஸில் 2007இல் நாடு முழுக்கச் சட்டம் வர முந்தியே புகைக்க விடமாட்டார்கள். அங்கிருந்து ஒரு நிமிச நடை ஆர்ச்சர்ட் தெருவில் எல்ம் ட்ரீ, அங்கே ஏலோடு பெல்ஜியம் போத்தல்களும் இருக்கும்.

சுருக்கமாக, கட்டடத்தின் சொந்தக்காரனைவிட நிலவறைக்குப் பொறுப்பான ஆள்தான் முக்கியம். அந்த ஆள் மாறினால் பப்பும் மாறிவிடும், ஆனால் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும்.

பீப்பாய்க்காரி:
கடைசி வரிக்கு நூறு லைக். ஒரே பப், ஒரே பீர், மேலாளர் மாறிய இரண்டாவது மாதம் நான் வேலையை விட்டேன், குழாய் கழுவுவதையே நிறுத்திவிட்டார் அந்த மனிதர். வாரம் ஒருமுறை குழாய்களில் மருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவும்போது குழாயில் நிற்கிற பீர் எல்லாம் வீணாகும், காசு போகிறதே என்று வாரத்தைத் தள்ளுவார்கள். மூன்று வாரம் தள்ளினால் குடிக்கிறவன் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

பச்சைமிளகாய்:
நான் சைவம். பீரில் மீன் சேர்க்கிறார்கள் என்று அறைத்தோழி பயமுறுத்துகிறாள். உண்மையா?

பீப்பாய்க்காரி:
உண்மைதான். ஈஸ்ட் அடியில் போய்ப் படிவதற்காக ஐசிங்கிளாஸ் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அது மீனின் உள்ளே இருக்கிற காற்றுப்பையைக் காயவைத்து எடுப்பது. பீப்பாயின் அடியில் வண்டலோடு தங்கிவிடும், உங்கள் கிளாஸுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் சைவம் என்று சொல்ல முடியாது. கெக் பீரும் பாட்டில் பீரும் பெரும்பாலும் வடிகட்டுவதால் இந்தப் பிரச்சினை குறைவு, கின்னஸ்கூட இதை விட்டுவிட்டார்கள். இப்போது சில சின்னத் தயாரிப்பாளர்கள் இதைச் சேர்க்காமலே அனுப்புகிறார்கள், பம்பு வில்லையிலேயே போட்டிருக்கும். அது கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். கவுண்டரில் "இது வீகனா?" என்று கேளுங்கள், நல்ல பப்பில் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள், தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார்கள்.

பச்சைமிளகாய்:
அம்மாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை. பீர் குடிக்கிறேன் என்பதையும் சேர்த்து.

ஷெஃபீல்டு சித்தப்பா:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளா, பல்கலைக்கழக ஊரில் நல்ல ஏல் வேண்டுமென்றால் வடக்கே வாருங்கள். ஷெஃபீல்டில் இரண்டு பல்கலைக்கழகம். கெல்ஹாம் ஐலண்ட் என்று ஒரு பகுதி, ஒரு காலத்தில் எஃகுப் பட்டறைகள் இருந்த இடம். அங்கே 1981இல் ஃபேட் கேட் என்ற பப்பை ஆரம்பித்தார்கள், ஃப்ரீ ஹவுஸ். 1990இல் பின்பக்கத்திலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அங்கே காய்ச்சிய பேல் ரைடர் என்ற பீர் 2004இல் நாட்டின் சிறந்த பீர் என்று காம்ரா பட்டம் வாங்கியது. பக்கத்திலேயே கெல்ஹாம் ஐலண்ட் டேவர்ன், 2008, 2009 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த பப் பட்டம் அதற்குத்தான். எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள். விலையோ, நீங்கள் அங்கே இரண்டு பைண்டுக்குக் கொடுக்கிறதில் இங்கே மூன்றாவதில் முக்கால்வாசி வந்துவிடும்.

அப்புறம் நுரை. தெற்கே தருகிற பீரில் மேலே ஒன்றுமே இருக்காது, குளத்துத் தண்ணீர் மாதிரி. இங்கே பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்று ஒரு சின்னத் துளைத் தட்டைத் திருகிவிடுவார்கள். டிகாஷனை உயரத் தூக்கி ஆற்றினால் வருமே, அந்த மாதிரி பொசுபொசுவென்று வெண்ணெய் நுரை நிற்கும்.

பீப்பாய்க்காரி:
சித்தப்பா, ஆரம்பித்துவிட்டீர்களா. அந்த ஸ்பார்க்லர் பீருக்குள் இருக்கிற வாயுவை எல்லாம் மேலே தள்ளி நுரையாக்கிவிடும், உள்ளே பீர் தட்டையாகிவிடும், பீருக்கு மணம் தருகிற ஹாப்ஸ் பூவின் வாசனையும் அடங்கிவிடும். கசப்பு மட்டுப்பட்ட வடக்கத்தி பிட்டர் வகை ஏலுக்கு அது சரி. இங்கே பீட்டர்பரோ ஓக்கமின் சிட்ரா மாதிரி, பப்ளிமாஸ் தோல் வாசனை அடிக்கிற பீரை அதில் போட்டால் பாவம்.

ஷெஃபீல்டு சித்தப்பா:
குளத்துத் தண்ணீர்.

நடுநிலை:
ஸ்பார்க்லர் சண்டைக்கு ஏற்கெனவே மூன்று இழைகள் இருக்கின்றன, அங்கே போய் ஆற்றிக்கொள்ளுங்கள். இங்கே தம்பி கேட்ட கேள்விக்கு மட்டும்.

கம்பங்கூழ்:
:) சரி, நேராகக் கேட்கிறேன். உள்ளே நுழைந்ததும் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? கெட்ட பீர் வந்தால் எப்படித் திருப்பிக் கொடுப்பது? சண்டை வருமா? என் ஆங்கிலம் அந்த மாதிரி நேரத்தில் வாயை விட்டு ஓடிவிடும்.

பீப்பாய்க்காரி:
நுழைந்ததும் உடனே கவுண்டருக்குப் போகாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, மற்றவர்கள் மேஜையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடி வைத்த கிளாஸிலோ நேர் கிளாஸிலோ பழுப்பும் தங்க நிறமுமாக, நுரை குறைவாக இருப்பது ஏல். ஐஸ் வேர்த்து வழிகிற மஞ்சள் லாகர். எது அதிகம்? அப்புறம் கவுண்டரில் கைப்பம்புகளைப் பாருங்கள். எதன் கழுத்திலாவது வில்லை பின்பக்கம் திருப்பி வைத்திருந்தால் அது தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். திருப்பி வைத்த வில்லையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும், கெட்டதை நிறுத்தத் தெரிந்த ஆள் உள்ளே இருக்கிறார்.

"எது நன்றாகப் போகிறது?" என்று கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள், எது போகிறது என்றால் உண்மை வரும். கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டால் சின்னக் கிளாஸில் தருவார்கள், வெட்கப்பட வேண்டாம், ஆனால் வெள்ளி இரவு பத்துப் பேர் பின்னால் நிற்கும்போது ஆறு ருசி கேட்காதீர்கள். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகாதீர்கள். இரவு முழுக்கக் குழாயில் நின்ற பீரை அவர்கள் இழுத்துக் கொட்டியிருக்க வேண்டும், கொட்டாவிட்டால் அது உங்கள் கிளாஸில்தான்.

வினிகர் வாசனை, பழைய அட்டைப்பெட்டி வாசனை, வெண்ணெய் மிட்டாய் மாதிரி ஒரு வழுவழுப்பு, இவை எல்லாம் கோளாறு. இரண்டு மடக்குக்குள் முடிவு பண்ணுங்கள், பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் நியாயம் கிடையாது. சத்தம் போட வேண்டாம். கவுண்டருக்குப் போய் மெதுவாக "இது கொஞ்சம் போய்விட்டது போலிருக்கிறது, பார்க்கிறீர்களா" என்றால் போதும். நான் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் இப்படித்தான் கொண்டுவந்தார். நான் வாங்கி மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்துத் துப்பி, அவர் கண் முன்னாலேயே வில்லையைத் திருப்பி வைத்துவிட்டு, வேறு ஊற்றிக் கொடுத்தேன். அரை நிமிட வேலை. அவர் அடுத்த வாரமும் வந்தார். "குடித்துப் பழகவில்லை போல, ஏல் இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். நம் தோலைப் பார்த்து அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு, எனக்கு வாடிக்கையாளராகப் போன வேறொரு இடத்தில் நடந்தது. அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தவள்தான்.

பருத்தித்துறை:
எனக்கும் நடந்திருக்கிறது. இப்ப குறைவு.

இன்னொரு வழி, காம்ராவின் குட் பீர் கைடு. ஒவ்வொரு வருசமும் நாடு முழுக்கச் சுமார் 4,500 பப்புகள். அந்தந்த ஊர் உறுப்பினர்கள் போய்க் குடித்துப் புள்ளி போடுவார்கள், புள்ளி பியரின் நிலைமைக்குத்தான், சாப்பாட்டுக்கோ சோபாவுக்கோ இல்லை. அதனால்தான் நான் சுற்றுலாப் பட்டியலைவிட அதை நம்புகிறேன். ஒரு பப் ஒரு வருசம் உள்ளே, அடுத்த வருசம் வெளியே என்று மாறினால் நிலவறை ஆள் மாறிவிட்டார் என்று ஊகிக்கலாம்.

மே மாதம் இருந்தால் ஜீசஸ் கிரீனில் பியர் திருவிழா. 1974இல் தொடங்கினது. பெரிய கூடாரம், வரிசை வரிசையாகப் பீப்பாய், தன்னார்வலர்கள்தான் ஊற்றுவார்கள். பைண்டில் மூன்றில் ஒரு பங்கு வாங்கலாம், அப்படி ஆறேழு வகை ருசி பார்த்து எந்த வகை பிடிக்கிறது என்று கண்டுபிடித்தால் பிறகு பப்பில் தடுமாற்றம் இல்லை. பின்னேரம் வரிசை நீளும், மத்தியானமே போய்விடுங்கள்.

மாற்றுக்கருத்து:
கிங் தெரு ஓட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1955இல் மாணவர்கள் ஆரம்பித்தது. பப் பப்பாகப் போய் எட்டுப் பைண்ட், நடுவில் சிறுநீர் கழிக்கக் கூடாது. மூத்திரப்பை எவ்வளவு பிடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குள் வந்த வாக்குவாதமாம். தோற்றால் டையில் ஓர் எழுத்து தைத்துக் கொடுப்பார்களாம். கல்வி என்றால் இதுதான் கல்வி.

பீப்பாய்க்காரி:
அந்தத் தெருவில் இன்று ஒரு பப்புக்கே அந்தப் பெயர்தான். நீங்கள் செய்ய வேண்டாம் தம்பி. ஏலில் ஆல்கஹால் 3.8 சதவீதம் என்று பார்த்து இலேசாக நினைத்து ஐந்து பைண்ட் குடித்துவிட்டு சைக்கிளில் போய் கேம் நதிக்குள் இறங்கிய ஆளை எனக்குத் தெரியும். சைக்கிள் இன்னும் உள்ளேதான்.

கம்பங்கூழ்:
போய்விட்டு வந்து எழுதுகிறேன், நேற்று, வியாழன் மாலை. குவிடிர் தெரு. லேபில் இருந்து நடந்தே போனேன், மில் ரோட்டில் திரும்பியதும் மழை. உள்ளே நுழைந்து அக்கா சொன்ன மாதிரி ஒரு நிமிடம் நின்றேன், கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். மேஜைகளில் முக்கால்வாசி ஏல். பக்கத்தில் ஒரு நாய் காலருகில் படுத்திருந்தது, யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எது நன்றாகப் போகிறது என்று கேட்டேன். யோசிக்காமல் மூன்றாவது பம்பைத் தட்டினாள். வெளிர் தங்க நிறம், 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் முதல் இழுப்பு இழுத்தாள், கிளாஸில் பாதி வந்தது. இரண்டாவது இழுப்பில் பம்பு லேசாகி, "க்ர்ர்" என்று நம் ஊர் அடிபம்பு கோடையில் தண்ணீர் வற்றினால் கத்துமே, அதே சத்தம். காற்றும் நுரையுமாகத் துப்பியது. எனக்கு முந்தின வார ஞாபகம் வந்து வயிறு கலங்கிவிட்டது. அவளோ சிரித்துக்கொண்டே கிளாஸை அப்படியே தொட்டியில் கொட்டினாள், நேற்று மதியம் திறந்த பீப்பாயாம், அதற்குள் முடிந்துவிட்டதாம். வில்லையைத் திருப்பி வைத்துவிட்டு, இதே தயாரிப்பாளரின் இன்னொன்று இருக்கிறது, அது கொஞ்சம் கருப்பு, பார்க்கிறீர்களா என்று சின்னக் கிளாஸில் கொடுத்தாள்.

வறுத்த காபிக்கொட்டை, கடைசியில் லேசாக வெல்லப்பாகு. அதையே ஒரு பைண்ட் வாங்கிக்கொண்டு பின்பக்கம் கூரை போட்ட இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணை சொன்ன கல்லறைத் தோட்டம் அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஈர இலை வாசனை மட்டும் வந்தது. சில்லென்று இல்லை, சூடாகவும் இல்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் வாளியை இறக்கி எடுத்த உடனே குடிப்பது மாதிரிதான் இருந்தது, அக்கா எழுதியது சரி.

ஆனால் அந்த முதல் பீர் என்னவென்று ருசி பார்க்கவே முடியவில்லை. கிளம்பும்போது கேட்டேன், அடுத்த பீப்பாய் நிலவறையில் தெளிந்துகொண்டிருக்கிறது, சனிக்கிழமை மாலை திறப்போம் என்றாள்.

பருத்தித்துறை:
சனி நானும் அந்தப் பக்கம் தேங்காய் வாங்க வருவேன். ஆறு மணி?

கம்பங்கூழ்:
ஆறு மணி அண்ணை. முதல் ரவுண்டு என்னுடையது.

ஷெஃபீல்டு சித்தப்பா:
நுரை இல்லாமல் குடியுங்கள்.